ஆட்கள் முதலில், கார் பிறகு

குறைந்த செலவில் கார்ப் பந்தயம் ஓட்ட ஆசைப்படும் நண்பர்கள் அநேகமாக ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். ஒருவர் விளம்பரத்தில் 400 டாலருக்கு ஒரு பழைய பிஎம்டபிள்யூவைப் பார்க்கிறார். அந்த வார இறுதிக்குள் அது யாரோ ஒருவர் வீட்டு கராஜில் வந்து நிற்கிறது. யார் யார் ஓட்டுவது, யார் பழுது பார்ப்பது, பணத்துக்கு யார் பொறுப்பு என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் எழுகிறது. இப்படி உருவான டீம்கள் பல, தடத்தை எட்டிப் பார்க்காமலே கலைந்துவிடுகின்றன. அதனால் இந்த அத்தியாயத்தில் வரிசையைத் திருப்பி வைத்திருக்கிறேன். முதலில் ஆட்கள், அடுத்து பணமும் ஒப்பந்தமும், அதன் பிறகே கார்.

எடுத்துக்காட்டாக நான் கொள்வது அமெரிக்காவின் '24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்' தொடர். ஜே லாம் என்ற வாகனத்துறைப் பத்திரிகையாளர் 2006-இல் கலிஃபோர்னியாவின் ஆல்டமான்ட் தடத்தில் இதைத் தொடங்கினார். இன்று அந்நாட்டின் பல மாநிலங்களில் நடக்கிறது. அடிப்படை விதி எளியது: காரின் மதிப்பு 500 டாலரைத் தாண்டக் கூடாது. ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூண்டு), பந்தய சீட், பெல்ட் போன்ற பாதுகாப்புச் சாமான்களும் பிரேக், டயர் முதலியவையும் இந்தக் கணக்கில் சேராது. நடுவர்கள் காரைச் சுற்றி வந்து மதிப்பிடுவார்கள். அவர்கள் கண்ணில் கூடுதலாகப் படும் ஒவ்வொரு 10 டாலருக்கும் ஒரு சுற்று உங்கள் கணக்கிலிருந்து போகும். பெயரில் 24 மணி நேரம் இருந்தாலும், பெரும்பாலான போட்டிகள் சனி, ஞாயிறு இரண்டு பகல்களில் மொத்தம் 14 முதல் 16 மணி நேரம் ஓடும். ஒரே கார், பல ஓட்டுநர்கள். அதிகச் சுற்றுகளை முடிப்பவர்கள் வெற்றி பெறுவார்கள். 1944 முதல் இயங்கிவரும் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சங்கமான எஸ்சிசிஏ போன்ற அமைப்புகள் நடத்தும், கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நெருங்கி ஓடும் பந்தயங்களில் கலந்துகொள்ள, பயிற்சிப் பள்ளி முடித்து உரிமம் வாங்க வேண்டும். இங்கே சாலையில் ஓட்டும் சாதாரண உரிமம் போதும். புதியவர்களுக்கு இந்தத் தொடர் திறந்துவைத்திருக்கும் கதவு இதுதான்.

இந்தப் பந்தயத்தின் கணக்கை ஒரு முறை காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் ஆகும் தடத்தில் 15 மணி நேரம் ஓடினால் 450 சுற்றுகள். உங்கள் ஓட்டுநர்கள் எல்லோரும் ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்து டீமைவிட 2 விநாடி வேகமாக ஓட்டினாலும் கிடைப்பது 900 விநாடி, அதாவது ஏழரைச் சுற்றுதான். ஒரு வீல் பேரிங் போய் கார் 40 நிமிடம் நின்றால் இழப்பது இருபது சுற்று. வேகமாக ஓட்டுகிறவரைத் தேடுவதைவிட, காரைத் தடத்திலேயே வைத்திருக்கக் கூடியவர்களைத் தேடுவதுதான் முக்கியம் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

யாரைச் சேர்ப்பது

ஐந்து பேர் என்பது என் கணிப்பில் நல்ல அளவு. நான்கு பேரானால் ஆளுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேர ஓட்டம் கிடைக்கும். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் கோடை வெயிலில், தீத்தடுப்பு உடைக்குள், ஏசி இல்லாத காரில் அது பெரிய பாரம். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்ற மூவரும் திணறிப்போவார்கள். ஆறு பேரானால் செலவு குறையும், ஆனால் ஆளுக்கு இரண்டரை மணி நேரமே தேறும். 'இவ்வளவு உழைத்தது இதற்குத்தானா' என்ற முணுமுணுப்பு எழும்.

ஐந்து பேரும் ஓட்டுநர்களாக மட்டும் இருந்தால் டீம் நடக்காது. ஒருவர் தலைவர்: பதிவுப் படிவம், விதிப் புத்தகம், அமைப்பாளர்களோடு பேச்சு எல்லாம் அவர் கையில். தடத்தில் தகராறு வந்தால் அவர் சொல்வதே முடிவு என்பதை முன்கூட்டியே எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் கணக்குப்பிள்ளை. தலைவரும் கணக்குப்பிள்ளையும் ஒரே ஆளாக இருப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒருவராவது கை அழுக்காகத் தயங்காத, இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இன்னொருவர் சாப்பாடு, தண்ணீர், கூடாரம், தங்கும் இடம் ஆகியவற்றைக் கவனிப்பவர். இந்த வேலையைச் சின்னதாக எண்ணாதீர்கள். 35 டிகிரி வெயிலில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்குபவருக்கு உப்புச் சத்துள்ள பானமும் நிழலும் உடனே கிடைக்காவிட்டால், அடுத்த முறை அவர் செய்யும் தவறு சுவரில் போய் முடியும்.

ஆளைச் சோதிக்க எளிய வழி உண்டு. எதையும் வாங்குவதற்கு முன், எல்லோரும் சேர்ந்து ஒரு போட்டிக்குப் பார்வையாளர்களாகப் போங்கள். முடிந்தால் வேறொரு டீமுக்கு உதவியாளர்களாக ஒரு நாள் நில்லுங்கள். பிறகு உங்கள் சொந்தக் கார்களிலேயே, பயிற்றுநர் பக்கத்தில் உட்காரும் தடப் பயிற்சி நாள் ஒன்றுக்குச் செல்லுங்கள். யார் வேகம் என்று பார்க்காதீர்கள். பயிற்றுநர் 'பிரேக்கைச் சற்று முன்னால் பிடியுங்கள்' என்றால் யார் உடனே கேட்டுக்கொள்கிறார், யார் காரணம் சொல்கிறார், யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். சொன்னதைக் கேட்பவரைச் சேருங்கள். அவர் சுற்றுக்கு மூன்று விநாடி பின்தங்கினாலும் பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை இரவு துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற கராஜுக்கு வருபவர்தான் ஞாயிற்றுக்கிழமை ஓட்டவும் தகுதியானவர்.

வீட்டில் உள்ளவர்களிடமும் முழு விவரத்தையும் சொல்லிவிடுங்கள். ஆறு மாத வார இறுதிகள், கணிசமான பணம், கொஞ்சம் ஆபத்து: மூன்றையும் மறைக்காமல் சொல்லி ஒப்புதல் பெற்றவர்தான் கடைசி வரை டீமில் நிற்கிறார்.

பணமும் ஒரு பக்க ஒப்பந்தமும்

500 டாலர் என்பது காரின் வரம்பு. பந்தயத்தின் செலவு வேறு. நல்ல பட்டறையில் ரோல் கேஜ் வெல்டு செய்யப் பல ஆயிரம் டாலர் ஆகும். ஹெல்மெட், உடை, கையுறை, காலணி, கழுத்துத் தாங்கி என்று ஒவ்வோர் ஓட்டுநரும் தனக்கே 1,000 டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டும். நுழைவுக் கட்டணம், டயர், பிரேக் பேட், டிரெய்லர், அதை இழுக்கும் வண்டி, பெட்ரோல் எல்லாம் இதற்கு மேல். முதல் கொடி அசையும்போது டீமின் மொத்தச் செலவு காரின் விலையைப் போல் பத்து, இருபது மடங்காகியிருக்கும். இந்த எண்ணை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். கேட்டதும் விலகுபவர் அன்றே விலகட்டும். கேஜ் வெல்டு செய்த பிறகு விலகினால் எல்லோருக்கும் இழப்பு.

பொதுக் கணக்கு ஒன்று தொடங்கி, மாதந்தோறும் சம அளவில் போடுங்கள். 'நான் உழைப்பைத் தருகிறேன், பணம் தர மாட்டேன்' என்ற ஏற்பாடு முதல் மாதம் நியாயமாகத் தோன்றும். நான்காம் மாதம் அதுவே சண்டைக்கு விதையாகும். உழைப்புக்கு விலை போட ஆரம்பித்தால் நட்பு கணக்குப் புத்தகமாகிவிடும்.

ஒரே பக்கத்தில் ஒப்பந்தம் எழுதுங்கள். வக்கீல் மொழி வேண்டாம். கார் யார் பெயரில், எங்கே நிற்கும்? ஒருவர் விலகினால் அவருக்கு என்ன திரும்பும்? இன்ஜின் வெடித்தால் யார் பணம்? கார் சுவரில் மோதினால்? கடைசிக் கேள்வியில்தான் டீம்கள் உடைகின்றன. மோதியவரே முழுச் செலவையும் ஏற்க வேண்டும் என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி எழுதினால், கியர் மாற்றும்போது ஏதோ சத்தம் கேட்டது என்பதைக்கூட ஓட்டுநர் மறைக்கத் தொடங்குவார். தடத்தில் நேரும் எல்லாச் சேதமும் பொதுக் கணக்கில் என்று வைத்துக்கொண்டு, தண்டனையை ஓட்டும் நேரத்தில் வையுங்கள். மற்றொரு காரைத் தொட்டவரும், தடத்தை விட்டு நான்கு சக்கரமும் வெளியே போனவரும் அந்த நாளின் மீதி முறையை இழப்பார்கள். பணத்தைக் கட்டிவிட்டு மறுபடி ஆக்ரோஷமாக ஓட்டலாம். ஓட்டும் நேரம் போனால் அடுத்த முறை நிச்சயம் நிதானம் வரும்.

சாதாரண வாகனக் காப்பீடு பந்தயத் தடத்தில் நேரும் சேதத்தை ஏற்காது. இதையும் அந்தப் பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள்.

இப்போது கார்

பந்தயத் தடத்துக்கு அருகில் உள்ள உதிரிபாகக் கடையில் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு எந்தக் காரின் வீல் பேரிங், ரேடியேட்டர் ஹோஸ், ஆல்டர்னேட்டர் கிடைக்குமோ, அந்தக் காரை வாங்குங்கள். மாடல் தேர்வில் இதைவிடப் பெரிய அளவுகோலை நான் கண்டதில்லை.

மாஸ்டா மியாட்டா பலரின் முதல் தேர்வு. ஏறத்தாழ 1,000 கிலோ எடை என்பதால் டயரையும் பிரேக்கையும் தின்னாது. முழு டேங்கில் சுமார் இரண்டு மணி நேரம் ஓடும். 1990-ஆம் ஆண்டுக் கார்களிலும் 91-இன் தொடக்கக் கார்களிலும் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனை குட்டையாக இருக்கும், முன் போல்ட்டும் ஆப்புச் சாவியும் தளர்ந்து தொல்லை தரும், வாங்குமுன் பாருங்கள். பிஎம்டபிள்யூவின் ஈ30 ரகத்தில் எம்20 இன்ஜின் இருந்தால் டைமிங் பெல்ட்டையும் வாட்டர் பம்ப்பையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி இன்ஜின் அதோடு முடிந்தது. போர்ஷே 944 அழகான கார், மலிவாகவும் அகப்படும். நீண்ட வளைவுகளில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, இரண்டாம் சிலிண்டரின் ராட் பேரிங் போவது அதன் தெரிந்த நோய். ஹோண்டா சிவிக், வால்வோ 240 இரண்டும் பொறுமைசாலிகள். பழைய கார்க் கிடங்குகளில் அவற்றுக்கு உதிரிபாகம் தாராளம்.

லெமன்ஸ் தொடரில் கார்கள் வேகத்துக்கேற்ப ஏ, பி, சி என்று மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. எல்லாவற்றையும்விட மேலான பரிசு, ஓடவே ஓடாது என்று எல்லோரும் நினைத்த காரை எதிர்பார்ப்புக்கு மேல் ஓட்டிக் காட்டிய டீமுக்குப் போகிறது. தலைகீழாகக் கவிழ்ந்தது போன்ற தோற்றத்தில் ஓடிய கமரோவும், பழைய விமானத்தின் உடலை வேன் மீது ஏற்றிக் கட்டிய வண்டியும் இங்கே உண்மையிலேயே ஓடியிருக்கின்றன. அந்தக் கற்பனையை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனாலும் முதல் ஆண்டில் சலிப்பூட்டும் சாதாரணக் காரை ஓட்டுங்கள். விசித்திரம் இரண்டாம் ஆண்டுக்கு.

மலிவான இன்ஜினை வைத்துப் பந்தயக் கார் கட்டுவது நம் ஊருக்கும் புதிதல்ல. கோயம்புத்தூரின் கரிவர்தன், மாருதி 800-இன் இன்ஜினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கி, பணக்கார வீட்டில் பிறக்காத இளைஞர்களையும் தடத்துக்குக் கொண்டுவந்தார். செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

உயிர் காக்கும் சாமான்கள்

சிக்கனத்துக்கு இங்கே இடமில்லை. ரோல் கேஜ், பந்தயக் கேஜ் கட்டி அனுபவமுள்ள பட்டறையில்தான் வெல்டு செய்யப்பட வேண்டும். விதிப் புத்தகம் சொல்லும் தரத்தில், காரின் எடைக்கேற்ற விட்டமும் கனமும் கொண்ட டிஓஎம் (உள்தண்டின் மேல் இழுத்து உருவாக்கிய) இரும்புக் குழாய் வேண்டும். ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளைவு ஒட்டுப் போடாத ஒரே குழாயாக இருக்க வேண்டும். அதில் ஒரு குறுக்குக் குழாய், பின்பக்கம் இரண்டு தாங்கிகள், கதவுப் பக்கம் குழாய்கள். கேஜின் கால்கள் காரின் தரையில் நேரடியாக ஊன்றக் கூடாது, இரும்புத் தகட்டின் மீது நிற்க வேண்டும். கட்டத் தொடங்குமுன் பட்டறைக்காரர் கையில் நீங்கள் ஓடப்போகும் தொடரின் விதிப் புத்தகத்தைக் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் அமைப்பாளர்களுக்குப் படம் அனுப்பிக் கேளுங்கள். ஏற்கெனவே கேஜ் போட்ட பழைய பந்தயக் காராகவே வாங்கினால், பல சமயம் மொத்தச் செலவு குறையும்.

தலையையும் கழுத்தையும் பிடித்து நிறுத்தும் 'ஹான்ஸ்' வகைத் தாங்கியின் வரலாறு ஒவ்வோர் ஓட்டுநருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1980-களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும் அவர் மைத்துனரும் பந்தய ஓட்டுநருமான ஜிம் டவுனிங்கும் இதை உருவாக்கினார்கள். கார் சட்டென்று நிற்கும்போது பெல்ட் உடலைப் பிடித்துக்கொள்கிறது. தாங்கி இல்லாவிட்டால் ஹெல்மெட்டின் எடையோடு தலை மட்டும் முன்னால் பாய்கிறது. மண்டையோட்டின் அடிப்பகுதி முறிகிறது. பல ஆண்டுகள் பெரும்பாலான ஓட்டுநர்கள் இந்தத் தாங்கியை அணிய மறுத்தார்கள், அசௌகரியம் என்றார்கள். 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் புகழ்பெற்ற ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் அதே வகை முறிவால் இறந்தார். அந்த ஆண்டு அக்டோபரில், அந்தப் பந்தயத்தை நடத்தும் நாஸ்கார் அமைப்பு இவ்வகைத் தாங்கியைக் கட்டாயமாக்கியது. உங்கள் 500 டாலர் காரும் நேர்ப்பாதையின் முடிவில் 160 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். கழுத்து எலும்புக்குக் காரின் விலை தெரியாது.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் ஆகாது. ஸ்னெல் அமைப்பின் 'எஸ்ஏ' முத்திரை உள்ளதையே வாங்குங்கள், அதற்குத் தீத்தடுப்புச் சோதனை உண்டு. ஹார்னஸ் பெல்ட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு. மலிவாகக் கிடைக்கும் பழைய பெல்ட்டில் அதைத்தான் முதலில் தேட வேண்டும். பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச், பெல்ட் கட்டிய நிலையில் கைக்கு எட்ட வேண்டும். தீயணைப்பு அமைப்புக்கு விதிப் புத்தகம் என்ன கேட்கிறதோ அதற்குக் கீழே இறங்காதீர்கள். முழு உடையில், பெல்ட் கட்டி, கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு ஒவ்வொருவரும் காரிலிருந்து வெளியேறிப் பழகுங்கள். புகை நிறைந்த காரில் கண் உதவாது.

பாதுகாப்புக்கு அடுத்த பணம் பிரேக்குக்கு. தெருக் காரில் இருக்கும் டாட் 3 திரவம் புதிதாக இருக்கும்போதே 205 டிகிரியில் கொதிக்கலாம். ஈரம் ஏறிய பழைய திரவம் இன்னும் முன்னதாகக் கொதிக்கும். கொதித்த கணம் பெடல் தரையைத் தொடும். 300 டிகிரி தாங்கும் பந்தயத் திரவமும், வெப்பம் தாங்கும் பேட்களும் போடுங்கள். அதற்கடுத்தது குளிர்விப்பு: புதிய ரேடியேட்டர், புதிய ஹோஸ்கள், ஓட்டுநர் கண்ணில் படும்படி வெப்பமானி, எண்ணெய் அழுத்தமானி, குறை அழுத்தத்துக்குப் பெரிய சிவப்பு விளக்கு. தடத்தில் சிந்தினால் வழுக்கும் என்பதால் கூலன்ட்டைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. வெறும் தண்ணீரோடு துரு தடுக்கும் கலவை சேர்த்தால் போதும். இன்ஜினின் சக்தியைக் கூட்ட ஒரு டாலரும் வேண்டாம்.

போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு தடப் பயிற்சி நாளில் காரை நாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள். உடைய வேண்டியது அன்றே உடையட்டும், சரிசெய்ய மூன்று வாரம் இருக்கும்.

அந்த இரண்டு நாள்

ஓட்டுநர் மாற்றத்தை வீட்டு வாசலிலேயே பழகிவிடலாம். ஆறடி ஆளும் ஐந்தரை அடி ஆளும் ஒரே சீட்டில் உட்கார வேண்டும். குட்டையானவருக்கு முதுகு மெத்தை தனியாகச் செய்து வையுங்கள். பெல்ட்டை இறுக்க உதவுவது இறங்கிய ஓட்டுநரின் வேலை, அவருக்குத்தான் காரின் நிலை தெரியும். பெல்ட்டை மாட்டிக்கொண்டே 'மூன்றாம் வளைவில் எண்ணெய் சிந்தியிருக்கிறது, நான்காம் கியர் தயங்குகிறது' என்று காதில் சொல்லி அனுப்ப வேண்டும்.

பெட்ரோல் ஊற்றும்போது காருக்குள் யாரும் இருக்கக் கூடாது, காரில் வேறு எந்த வேலையும் நடக்கக் கூடாது. ஊற்றுபவர் ஓட்டுநரைப் போலவே முழுத் தீத்தடுப்பு உடையும் ஹெல்மெட்டும் அணிந்திருக்க வேண்டும். தீயணைப்பானோடு இன்னொருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அவசரத்தில் இதில் ஒன்றைக்கூடத் தளர்த்தாதீர்கள். முதல் முறையை ஒன்றரை மணி நேரத்தில் நிறுத்தி, எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை வைத்தே மீதி நாளைத் திட்டமிட வேண்டும். சாம்ப்கார் என்ற இன்னொரு தொடரில் ஒருவர் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட விதி இடம் தராது. விதி கேட்காத இடத்திலும் அந்த வரம்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறைக்கு உங்களில் மிக நிதானமானவரை அனுப்புங்கள். சனிக்கிழமை காலை முதல் அரை மணி நேரத்தில், நூற்றுக்கு மேற்பட்ட கார்கள்கூடச் சேரக்கூடிய கூட்டத்தில், அனுபவமில்லாத கால்கள் நிறைய இருக்கும். மஞ்சள் கொடி கண்டால் முந்தக் கூடாது. சிவப்பும் மஞ்சளும் கோடு போட்ட கொடி வழுக்கலைக் காட்டும். கறுப்புக் கொடி உங்களுக்கு என்றால் உடனே 'பிட்' என்னும் பழுதுபார்க்கும் பகுதிக்குள் வந்து நடுவரிடம் நிற்க வேண்டும். அங்கே வாதாடாதீர்கள். நடந்ததைச் சொல்லி, தவறென்றால் ஒப்புக்கொண்டு, தரும் தண்டனையை முடித்துவிட்டுத் திரும்புங்கள். ஒரே டீம் மீண்டும் மீண்டும் வந்தால் காரை அன்றைக்கு நிறுத்திவைத்துவிடுவார்கள். கடைசி முறைக்கும் வேகமானவரைத் தேடாமல், அந்த இரண்டு நாளில் ஒரு கறுப்புக் கொடியும் வாங்காதவரை உட்கார வையுங்கள்.

சனிக்கிழமை மாலை கார் நின்றதும் எல்லோரும் சேர்ந்து சக்கர நட்டுகள், பேட் கனம், எண்ணெய் அளவு, ஒவ்வொரு சக்கரத்தின் ஆட்டம் ஆகியவற்றைப் பாருங்கள். அது முடிந்த பிறகே சமையல். ஞாயிறு மாலை டிரெய்லரில் ஏற்றுமுன், காரில் என்னென்ன தேய்ந்தது, எது சத்தம் போட்டது, எந்த ஸ்பேனர் போதவில்லை என்று ஓட்டிய ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதட்டும். வீட்டுக்குப் போன பிறகு யாருக்கும் பாதி நினைவிருக்காது. கணக்குப்பிள்ளை அன்றிரவே ரசீதுகளை வாங்கிக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் பாக்கியைத் தீர்த்துவிட வேண்டும். அடுத்த போட்டிக்குப் பதிவு செய்யலாமா என்ற கேள்வியை அதற்குப் பிறகு எடுங்கள்.